அப்பாவின் இமெயிலை அப்பாவே பார்க்க என்ன செய்யலாம்?

வங்கியில் கேட்டார்கள், பென்ஷன் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது என்பதற்காக மகனோ மகளோ என்றைக்கோ அவசரத்தில் தொடங்கிக் கொடுத்த கணக்கு. பாஸ்வேர்டு பிள்ளைக்குத்தான் தெரியும். படிக்காத மெயில்கள் ஆயிரக்கணக்கில். பல வீடுகளில் பெரியவர்களின் இமெயில் இந்த நிலையில்தான் கிடக்கிறது. "அதுல என்ன வரப்போகுது, எல்லாம் விளம்பரம்" என்று அவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

வருவது விளம்பரம் மட்டுமல்ல. ஃபிக்சட் டெபாசிட் முதிர்வு, இன்சூரன்ஸ் பிரீமியம் கெடு, மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட், வருமான வரித்துறை நோட்டீஸ் எனப் பணம் சார்ந்த பல தகவல்கள் இப்போது இமெயிலில்தான் வருகின்றன. வரி நோட்டீஸுக்குப் பதில் சொல்ல நாள் கணக்கும் உண்டு.

வாட்ஸ்அப்பில் பேரனின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரிந்தவருக்கு இமெயில் வராது என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் தெரிந்த முகங்கள் மட்டுமே இருக்கின்றன. இன்பாக்ஸில் முன்பின் தெரியாத நூறு பேர் கத்துகிறார்கள். அந்தச் சத்தத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. பாடம் எடுப்பது அப்புறம்.

நட்சத்திரம் போட்டால் போதும்

இதற்கு ஜிமெயிலிலேயே வசதி இருக்கிறது. கணினியில் ஒருமுறை உட்கார்ந்து செய்ய வேண்டும். வங்கியிலிருந்து வந்த ஒரு மெயிலைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் தீஸ்' என்று வரும். அதில் 'ஸ்டார் இட்', 'நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்' இரண்டையும் டிக் செய்துவிட்டால், அந்த முகவரியிலிருந்து இனி வரும் ஒவ்வொரு மெயிலும் நட்சத்திரத்தோடு வந்து நிற்கும். வங்கி, பென்ஷன், இன்சூரன்ஸ், வரித்துறை என நான்கைந்து முகவரிகளுக்குச் செய்தால் போதும். பிறகு செட்டிங்ஸில் 'இன்பாக்ஸ் டைப்' பகுதியில் 'ஸ்டார்டு ஃபர்ஸ்ட்' என்று மாற்றினால், நட்சத்திர மெயில்கள் மேலே, மற்றதெல்லாம் கீழே. போன் செயலியின் செட்டிங்ஸிலும் இந்தத் தேர்வு இருக்கிறது.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "மேல இருக்கறத மட்டும் பாருங்க, வேலை முடிஞ்சதும் நட்சத்திரத்தைத் தொட்டு அணைச்சிடுங்க."

வங்கி பெயரில் நட்சத்திரம் இல்லாமல் ஒரு மெயில் வந்தால் சந்தேகப்படலாம் என்பது கூடுதல் லாபம். அதற்காக நட்சத்திரம் இருப்பதெல்லாம் அசல் என்று ஆகிவிடாது; மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல் வங்கியின் செயலியைத் திறந்து பார்ப்பதே நல்லது.

எழுத்தின் அளவை ஆண்ட்ராய்டு போனின் 'டிஸ்ப்ளே' செட்டிங்ஸில் கூட்டலாம். ஆங்கில மெயிலைத் தமிழில் படிக்க, மெயிலைத் திறந்து மூன்று புள்ளிகளைத் தொட்டு 'டிரான்ஸ்லேட்' கொடுக்கலாம். மொழிபெயர்ப்பு சில இடங்களில் சிரிப்பு மூட்டினாலும், விஷயம் என்னவென்று புரிந்துவிடும்.

'குட் மார்னிங்' வீடியோவால் மெயில் நிற்குமா?

நிற்கும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்அப் முன்பு இந்தக் கணக்கில் சேரவில்லை. 2024 வாக்கில் அதையும் சேர்த்துவிட்டார்கள். தினமும் காலையில் குவியும் பூவும் சாமியும் சேர்ந்த வீடியோக்கள் பேக்அப்பில் ஏறி, 15 ஜிபி நிறைந்தால், புதிய மெயில் உள்ளே வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வாட்ஸ்அப்பின் 'சாட் பேக்அப்' பகுதியில் 'இன்க்ளூட் வீடியோஸ்' என்பதை அணைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

பாஸ்வேர்டு யாரிடம்?

பெரிய தவறு நடப்பது இங்கேதான். "நானே பார்த்துக்கறேன்ம்மா" என்று பிள்ளை தன் போனிலோ கணினியிலோ அம்மாவின் கணக்கைத் திறக்கிறார். உடனே அம்மாவின் போனில், 'உள்ளே நுழைய முயல்வது நீங்கள்தானா?' என்று கூகுள் கேட்கிறது. "ஆமான்னு அழுத்தும்மா." இது நாலைந்து முறை நடந்தால், கேட்கும்போதெல்லாம் 'ஆம்' என்று அழுத்துவது பழக்கமாகிவிடுகிறது. மோசடிக்காரர்கள் எதிர்பார்ப்பதும் அதே விரலைத்தான். (பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.)

இதற்கு மாற்று, ஜிமெயிலின் 'டெலிகேஷன்' வசதி. அம்மாவின் கணக்கில், கணினி வழியாக, பிள்ளையின் ஜிமெயில் முகவரியைச் சேர்த்துவிட்டால், பிள்ளை தன் கணக்கிலிருந்தபடியே அம்மாவின் மெயிலைப் படிக்கலாம், பதில் அனுப்பலாம், அழிக்கவும் செய்யலாம். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. கணக்கு அம்மாவுடையதாகவே இருக்கும். யாருடைய மெயிலை யார் படிக்கிறார்கள் என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

கணக்கை மீட்பதற்கான போன் எண்ணையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பழைய சிம் எண் இருந்தால் ஆபத்து: முடக்கப்பட்ட எண், 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். இரண்டு ஆண்டுகள் தொடாமலே கிடக்கும் கணக்கை கூகுள் அழித்துவிடவும் கூடும். 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது.

'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டிருந்தால் 10 பேக்அப் குறியீடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி பீரோவில், ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வைக்கலாம். போன் தொலைந்த அன்று போனுக்குள் இருக்கும் குறியீட்டால் பயனில்லை.

அதே நோட்டில் இன்னொரு பக்கம் பிடிஎஃப்களுக்கு. வரித்துறையின் 143(1) அறிவிப்பு, பான் எண்ணைச் சிறிய எழுத்தில் போட்டு, பிறந்த தேதி, மாதம், ஆண்டை எட்டு இலக்கமாகச் சேர்த்தால் திறக்கும். இ-ஆதாருக்கு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், பக்கத்தில் பிறந்த ஆண்டு.