பாலம் தாண்டினாலும் வழிவிடாத மாநிலம்

மெக்சிகோவின் ரெய்னோசாவையும் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஃபார் நகரையும் இணைக்கும் பாலத்தின் மீது அமெரிக்கர்கள் சாப்பிடும் தக்காளியிலும் அவகாடோவிலும் கணிசமான பங்கு லாரியேறி வருகிறது. 2022 ஏப்ரலில் அந்தப் பாலம் சில நாட்கள் அடைபட்டுக் கிடந்தது. அடைத்தவர்கள் லாரி டிரைவர்களேதான்.

சுங்கச் சோதனை வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி வந்த ஒவ்வொரு லாரியையும் டெக்சாஸ் மாநிலப் போலீசார் மறுபடி நிறுத்தினார்கள். ஆளுநர் கிரெக் அபாட்டின் உத்தரவு அது. அகதிகள் வருகையைத் தடுக்க மத்திய அரசு எதுவும் செய்யவில்லை என்ற கோபம் அவருக்கு. ஆனால் எல்லைக் காவலும் குடியேற்றமும் மத்திய அரசின் கையில் இருப்பவை; மாநிலம் தொட முடியாது. பிரேக்கையும் டயரையும் தொடலாமே! வாகனப் பாதுகாப்புச் சோதனை என்ற பெயரில் வரிசை மைல் கணக்கில் நீண்டது. சாப்பாடும் கழிப்பறையும் இல்லாமல் ஒரு நாளுக்கு மேல் ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பொறுமையிழந்து பாலத்தை மறித்தார்கள். எல்லையை ஒட்டிய நான்கு மெக்சிகோ மாநிலங்களின் ஆளுநர்கள் அடுத்தடுத்து வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே சோதனை கைவிடப்பட்டது. ஆயிரக்கணக்கான லாரிகளைக் குடைந்தும் போதைப்பொருளோ ஆட்கடத்தலோ சிக்கவில்லை. பழுதான பிரேக்குகள் ஏராளமாகச் சிக்கின.

இந்த டிரைவர்களில் பலர் ஊர் ஊராகப் போகிறவர்கள் அல்லர். ‘டிரான்ஸ்ஃபர்’ லாரி ஓட்டுபவர்கள். மெக்சிகோவின் உள்நாட்டிலிருந்து வரும் சரக்கை எல்லையில் வாங்கி, பாலம் தாண்டி, எல்லையோர வணிக வட்டத்துக்குள் இருக்கும் கிடங்கில் இறக்கிவிட்டுத் திரும்புவார்கள். அங்கிருந்து அமெரிக்க லாரி எடுத்துப் போகும். மெக்சிகோவின் ஓட்டுநர் உரிமம் அமெரிக்காவில் செல்லும். ஆனால் விசாவில் வரும் டிரைவர் ஒரு அமெரிக்க ஊரில் ஏற்றி இன்னொரு அமெரிக்க ஊரில் இறக்கக் கூடாது. இவையெல்லாம் மத்திய விதிகள்.

அதற்கு மேல் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளில் பொதுவாக எடை வரம்பு 80,000 பவுண்டு. பிரவுன்ஸ்வில் துறைமுகப் பாதை போன்ற சில பாதைகளில் டெக்சாஸ் அனுமதிச் சீட்டு கொடுத்து 1,25,000 பவுண்டு வரை விடுகிறது. மெக்சிகோ சட்டத்துக்கு ஏற்ற எடை அது. வரும்படி என்றால் அதே டெக்சாசுக்கு மனசு இளகுகிறது! கலிபோர்னியாவோ புகைக்குக் கெடுபிடி: 2023 முதல் 2010க்கு முந்தைய எஞ்சின் கொண்ட கனரக டீசல் லாரிகளுக்குப் பெரும்பாலும் அங்கே இடமில்லை, எந்த நாட்டு நம்பர் பலகை என்றாலும் சரி.

இப்போது ஆங்கிலமும் சேர்ந்துகொண்டது. டிரைவருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பது பழைய விதிதான். 2025 ஜூன் முதல், தெரியாவிட்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடலாம். எல்லையோர வட்டத்துக்குள் மட்டும் நோட்டீஸோடு விட்டுவிடுகிறார்கள். ஆர்கன்சா மாநிலம் அதே ஆண்டு தனிச் சட்டம் போட்டு 500 டாலர் அபராதம் வைத்தது. கலிபோர்னியா இதில் அக்கறை காட்டவில்லை என்று சொல்லி 4 கோடி டாலர் நிதியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. எல்லையோர லரேடோவின் கிடங்கு வரை ஓட்டிய டிரைவர் அதே அரைகுறை ஆங்கிலத்தோடு வட்டத்தைத் தாண்டி சான் அன்டோனியோ வரை போனால், சாவியைக் கொடுத்துவிட்டுச் சாலையோரம் நிற்க வேண்டியதுதான்.