நட்சத்திரத்தின் பின்னே ஓடும் மோட்டார்



நாங்கள் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். பொழுது சாயுமுன் சாப்பாடு முடிந்துவிடும். அப்புறம் மொட்டை மாடியில் வானம் பார்ப்பது என் வழக்கம். பகலில் தில்லி பகீரத் பேலஸில் மின்சாமான் வியாபாரம். இந்த இரண்டும் தெரிந்த நானே ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

நண்பர் வீட்டுக்கு அவர் மகன் அமெரிக்காவிலிருந்து 1970-களில் செய்த தொலைநோக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் தாங்கியில் ஒரு சின்ன மோட்டார். தகட்டில் ‘115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தது. முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, 230-ஐ 115 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்து, “பயமில்லாம போடுங்க” என்றேன். அன்றிரவு சனிக்கிரகம் கண்ணாடியில் நிற்காமல் மேற்கே நழுவிக்கொண்டே போச்சு. மோட்டார் மூடி கை வைக்க முடியாத சூடு. பேரன் தாங்கியைத் தொட்டவன், “தாத்தா, ஷாக் அடிக்குது” என்று கையை உதறினான். நல்லவேளை, காலில் ரப்பர் செருப்பு இருந்தது.

காரணம் என்ன? பூமி ஒருமுறை தன்னைச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. தொலைநோக்கியின் அச்சும் எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழன்றால்தான் நட்சத்திரம் அசையாமல் நிற்கும். நம் ஜந்தர் மந்தரில் சாம்ராட் யந்திரத்தின் சாய்ந்த சுவரைப் பார்த்திருப்பீர்கள். அது பூமியின் அச்சுக்கு இணையாகக் கட்டப்பட்டது. இந்தத் தாங்கியின் அச்சும் அதே சாய்வில்தான் நிற்க வேண்டும்.

அந்தக் கால மோட்டார்கள் ‘சிங்க்ரனஸ்’ வகை. அவற்றின் வேகத்தை முடிவு செய்வது வோல்ட் அல்ல, ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும்; நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கும். எனவே 60-க்குச் செய்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். அமெரிக்க மின் கடிகாரம் இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்குவதும் இதனால்தான். வானம் மணிக்கு 15 பாகை நகர, மோட்டார் பன்னிரண்டரை பாகைதான் நகர்கிறது. 12 நிமிடத்தில் ஒரு நிலாவின் அகலம் பின்தங்கிவிடும்! தவிர, 50 ஹெர்ட்ஸில் அதே சுருள் அதிக மின்னோட்டம் இழுக்கும். 96 வோல்ட் போதுமான இடத்தில் 115 கொடுத்ததால் வந்த சூடு அது.

ஷாக்குக்குக் காரணம் வேறு. பழைய ஒயரின் உறை வெடித்திருந்தது. இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. மேலே தில்லிப் பனி.

இப்போது நான் சொல்லும் வழி இது. வீட்டு மின்சாரத்தை மாடிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். 12 வோல்ட் மூடிய பேட்டரி ஒன்றும், 115 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் தரும் சிறிய ‘சைன் வேவ்’ இன்வர்ட்டர் ஒன்றும் வாங்குங்கள். வீட்டு இன்வர்ட்டர் உதவாது, அது தருவதும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மோட்டார் சில வாட்தான் கேட்கும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி ஃபியூஸ் போடுங்கள். பேட்டரிதானே என்று அலட்சியம் கூடாது; இன்வர்ட்டரிலிருந்து வெளிவரும் 120 வோல்ட்டும் ஆளை அடிக்கும். பழைய ஒயரை மாற்றி, எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் வைத்துச் சோதித்த பிறகே ஓட்டுங்கள். இன்வர்ட்டர் பனியில் நனையக் கூடாது.

ஜவ்வாது மலைக் காவலூரில் 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் இதே போலப் பூமியின் சுழற்சியை ஈடுகட்டித்தான் நட்சத்திரத்தைப் பிடித்து வைக்கிறது. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நண்பர் வீட்டு மோட்டார் பிழைத்துக்கொண்டது. பேரனும் இப்போது எந்தச் சாமானை எடுத்தாலும், முதலில் தகட்டில் இரண்டு எண்ணையும் படிக்கிறான். வியாபாரியான நான் அவனிடம் கற்ற பாடம் அது.