ஒரு விதி, பல உள்ளாட்சிகள்: பிரித்தானியாவின் முதன்மை அதிகார முறை

ஆய்வுச் சுருக்கம்

வணிக ஒழுங்குமுறையை எளிமையாக்குதல் என்பது விதிகளைக் குறைத்தல் என்றே பெரும்பாலும் பொருள்கொள்ளப்படுகிறது. பிரித்தானியாவில் 2009 முதல் நடைமுறையில் உள்ள முதன்மை அதிகார முறை, விதிகளை மாற்றாமல் அவற்றுக்கு உள்ளாட்சி மன்றங்கள் தரும் விளக்கத்தை ஒருமுகப்படுத்த முயன்றது. அம்முறை இயங்கும் விதத்தையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உள்ளாட்சி, வணிக ஒழுங்குமுறை, ஹாம்டன் அறிக்கை, முதன்மை அதிகார முறை, உணவுப் பாதுகாப்பு

சிக்கலின் தோற்றம்

உணவுத் தூய்மை, எடையளவு, நுகர்வோர் நலன், கடைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றுவோரின் பாதுகாப்பு ஆகியன பற்றிய சட்டங்கள் பிரித்தானியாவில் நாடு முழுமைக்கும் உரியவை. ஆயினும் அவற்றைக் கடை வாயிலில் நின்று நடைமுறைப்படுத்துவோர் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றங்களின் அலுவலர்களே. ‘நியாயமான அளவு’, ‘உரிய கவனம்’ போன்ற சொற்கள் சட்டத்தில் வரும்போதெல்லாம் அவற்றின் பொருளை வரையறுக்கும் பொறுப்பு அந்தந்த அலுவலரிடம் வந்து சேர்கிறது. ஆகவே, பல ஊர்களில் கிளை பரப்பிய ஒரு நிறுவனம், ஓர் ஊரில் ஏற்கப்பட்ட நடைமுறைக்காக அடுத்த ஊரில் எச்சரிக்கை பெற நேரிட்டது.

நிதியமைச்சராக இருந்த கோர்டன் பிரவுன் பணித்தவாறு பிலிப் ஹாம்டன் 2005 மார்ச்சில் அளித்த அறிக்கை இந்நிலையின் அளவை வெளிப்படுத்தியது. தேசிய அளவில் 63 ஒழுங்குமுறை அமைப்புகளும் 468 உள்ளாட்சி மன்றங்களும் ஆண்டுக்கு 30 லட்சத்திற்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்திவந்தன. எல்லாக் கடைகளையும் ஒரே கால இடைவெளியில் சோதிப்பதைக் கைவிட்டு, ஆபத்து மிகுந்த இடங்களில் சோதனையைக் குவிக்க வேண்டும் என்பது ஹாம்டனின் மையப் பரிந்துரை. உள்ளாட்சிகளுக்கிடையேயான முரண்பாட்டையும் அவர் தனிச் சிக்கலாகவே கருதினார்.

நிறுவனத்தின் தலைமையகம் அமைந்துள்ள ஊரின் மன்றமே அதற்கு அறிவுரை கூறும் ‘தாயக மன்ற’ வழக்கம் முன்பே இருந்தது. ஆனால் அது விருப்பத்தின் அடிப்படையிலானது. அவ்வறிவுரையைப் பிற மன்றங்கள் பொருட்படுத்தாவிட்டால் நிறுவனத்திற்குப் போக்கிடம் இல்லை.

முறையின் இயக்கம்

அவ்வழக்கத்திற்குச் சட்டவலு அளித்தது, 2008ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை நடைமுறைப்படுத்தல் மற்றும் தண்டங்கள் சட்டம். இதன்படி ஒரு நிறுவனம் ஏதேனும் ஓர் உள்ளாட்சி மன்றத்துடன் உடன்பாடு செய்துகொள்ளலாம். பதிவு பெற்றபின் அம்மன்றமே நாடு முழுவதற்கும் அந்நிறுவனத்தின் முதன்மை அதிகாரம் ஆகிறது.

எடுத்துக்காட்டாக, கத்தி வாங்க வருவோரின் வயதை எவ்வாறு சரிபார்ப்பது என ஓர் அங்காடி நிறுவனம் தன் முதன்மை மன்றத்திடம் எழுத்துமூலம் அறிவுரை பெற்றுள்ளது எனக் கொள்வோம். வேறோர் ஊரின் மன்றம் அதே பொருளில் நடவடிக்கை எடுக்க முனைந்தால், முதலில் முதன்மை மன்றத்திற்குத் தெரிவிக்க வேண்டும். நடவடிக்கை தன் அறிவுரைக்கு முரணானது எனக் கண்டால், முதன்மை மன்றம் ஐந்து வேலைநாள்களுக்குள் அதனைத் தடுக்கலாம். கருத்து வேறுபாடு நீடித்தால் வழக்கு நடுவண் நிலைக்குச் செல்லும். கடுந்தீங்கைத் தவிர்க்க உடனடியாகச் செயற்பட வேண்டிய நேரங்களுக்கு விலக்கு உண்டு.

தமிழ்நாட்டில் இப்பொருள் பேசப்படும்போது ஒற்றைச் சாளரமே முன்னிற்கிறது. 2018ஆம் ஆண்டின் தொழில் வசதியாக்கச் சட்டமும் அவ்வகையதே. ஒற்றைச் சாளரம் தொழில் தொடங்குமுன் பெறும் அனுமதிகளைப் பற்றியது. முதன்மை அதிகார முறையோ, கடை திறந்தபின் அன்றாடம் எழும் விளக்கச் சிக்கலைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது நம் விவாதங்களில் அடிக்கடி நேரும் குழப்பம்.

கட்டணமும் சார்பும்

அறிவுரைக்குச் செலவாகும் நேரத்திற்கு மன்றம் நிறுவனத்திடம் கட்டணம் பெறலாம். உள்ளூர் வரிப்பணத்தில் ஒரு பெருநிறுவனத்திற்கு நாடளாவிய சேவை செய்ய முடியாது என்பதால் இவ்வேற்பாடு நேர்மையானதே. ஆயினும் 2010க்குப் பின் உள்ளாட்சிகளின் நிதி கடுமையாகக் குறைக்கப்பட்டபோது அக்கட்டணத்தின் தன்மை மாறியது. கண்காணிக்கப்படும் நிறுவனமே கண்காணிப்போரின் வருவாய்க்கும் மூலமாயிற்று. சமூகவியலாளர் ஸ்டீவ் டூம்ஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வில் இம்முறையை, ஒழுங்குமுறையைச் சந்தைப்படுத்தும் போக்கின் பகுதியாகக் கண்டித்தார். அலுவலர்கள் விலைபோயினர் என்று கொள்ளத் தேவையில்லை. கட்டணம் செலுத்துவோரின் கேள்விக்கே முதலில் நேரம் ஒதுக்கப்படும் என்பதை மறுப்பது கடினம்.

மற்றொரு குறையும் இருந்தது. தொடக்கத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட மன்ற எல்லைகளில் இயங்குவோர் மட்டுமே இதில் சேர முடிந்தது. வணிகச் சங்கங்கள் வழியாகச் சேரும் வாய்ப்பு பின்னர் வந்தது. 2017 அக்டோபர் முதல் எல்லா வணிகங்களுக்கும் வாயில் திறக்கப்பட்டது.

ஒருமித்த விளக்கத்தின் எல்லை

2016 ஜூலையில், ஹீத்ரோ விமான நிலையத்தில் பிரெட் எ மான்ஜர் கடையில் வாங்கிய ரொட்டியை உண்ட 15 வயதுச் சிறுமி ஒருவர் ஒவ்வாமையால் உயிரிழந்தார். மாவில் சேர்ந்திருந்த எள் உறையில் குறிப்பிடப்படவில்லை. கடையிலேயே பொதியப்பட்டு அங்கேயே விற்கப்படும் உணவுக்கு உறையில் முழுப் பட்டியல் தேவையில்லை என அன்றைய விதி அனுமதித்தது. ஒவ்வாமை பற்றி ஊழியரிடம் கேட்டறியுமாறு அறிவிப்பு வைத்தால் போதும். அந்நிறுவனத்தின் முதன்மை அதிகாரம் வேல்ஸிலுள்ள பிரிட்ஜெண்ட் மன்றம்.

2018இல் நடந்த இறப்பு விசாரணையில், முந்தைய ஓராண்டில் அந்நிறுவனத்தின் உணவால் எள் தொடர்பான ஒன்பது ஒவ்வாமை நிகழ்வுகள் ஏற்பட்டிருந்தமை வெளிவந்தது. அத்தகைய நிகழ்வுகளைத் தொகுத்துக் கண்காணிக்கும் ஒழுங்கான ஏற்பாடு நிறுவனத்தில் இல்லை என விசாரணை அலுவலர் கண்டார்.

இதனை முதன்மை அதிகார முறையின் தோல்வி என்று மட்டும் கூறுவது பொருந்தாது. குறை விதியிலேயே இருந்தது. ஆனால் நாடெங்கும் உள்ள கடைகளுக்கான விளக்கம் ஓரிடத்தில் குவியும்போது, அக்கடைகளில் நிகழ்பவை பற்றிய தகவலும் அவ்விடத்திற்கே வந்துசேர வேண்டும். அறிவுரை மையத்திலிருந்து கிளைகளுக்குச் செல்லும் பாதையைச் சட்டம் நுணுக்கமாக வகுத்தது. முறையீடு கிளைகளிலிருந்து மையத்திற்கு வரும் பாதைக்கு அத்துணை வலு தரவில்லை. முறையின் உண்மையான குறை இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

2021 அக்டோபர் 1 முதல் ‘நடாஷா சட்டம்’ நடைமுறைக்கு வந்தது. கடையிலேயே பொதிந்து விற்கும் உணவின் உறையிலும் சேர்பொருள்கள் அனைத்தும் அச்சிடப்பட வேண்டும். ஒவ்வாமை தரும் பொருள்கள் தனித்துத் தெரிய வேண்டும். இது விதியைக் கூட்டிய திருத்தம். எனினும் உறையில் எள் என்று அச்சிடப்பட்டுள்ளதா என்பதில் மன்றத்துக்கு மன்றம் விளக்கம் மாறுபட இடமில்லை. இச்சட்டம் சிறு ரொட்டிக் கடைகளையும் ஒருங்கே கட்டுப்படுத்துகிறது. முதன்மை அதிகார உடன்பாடு எதுவும் இல்லாத அக்கடைக்காரர்கள், ஐயம் எழும்போது இன்றும் தம் ஊர் மன்றத்தின் அலுவலரையே நாட வேண்டியுள்ளது.