மரம் தின்னும் பூச்சியும் மலையின் எல்லையும்

மழை பெய்து ஓய்ந்த மாலைப்பொழுதில், ஸ்ரீரங்கத்துத் தோப்புகளிலிருந்து ஈசல்கள் திரள் திரளாகப் புறப்படுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஈசல் என்பது வேறொரு பூச்சியன்று. சிறகு முளைத்த கறையானே ஆகும். அது பறந்து சென்று சிறகுகளை உதிர்த்துவிட்டு, இணை சேர்ந்து, புதிய குடியிருப்புக்கு வித்திடுகிறது. ஸ்ரீரங்கமோ காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. ஆயினும், காற்றுத் துணைநின்றால் சில ஈசல்களேனும் ஆற்றைக் கடந்து திருச்சிராப்பள்ளிக் கரையை அடையக்கூடும். சிறகே இல்லாத பூச்சியாயின் என் செய்யும்? இவ்வினாவுக்கு மலைக்காடு ஒன்று விடை தந்திருக்கிறது.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் என்னும் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே வீழ்ந்து மக்கும் மரங்களுக்குள் கிரிப்டோசெர்கஸ் என்னும் கரப்பான் இனம் வாழ்கிறது. கறையானுக்கு மிக நெருங்கிய உறவினர் இதுவே. இதன் உணவு மரம். மரத்திலுள்ள செல்லுலோஸைச் செரிப்பதற்கு இதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உதவுகின்றன. பெற்றோரின் குடலிலிருந்து வரும் நீர்மத்தை உண்டே குஞ்சுகள் அந்நுண்ணுயிர்களைப் பெறுகின்றன. ஆகவே தாயும் தந்தையும் குஞ்சுகளோடு ஒரே கட்டைக்குள் நெடுங்காலம் குடும்பமாக வாழ்கின்றன. குளிர்ச்சியும் ஈரமும் உள்ள காடே இவற்றுக்கு உகந்தது. வளர்ந்த பின்னும் இவற்றுக்குச் சிறகு முளைப்பதில்லை.

அம்மலைத்தொடரில் வாழும் இப்பூச்சிகள் அனைத்தும் ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. புறத்தோற்றத்தில் அவை பெரிதும் ஒத்திருந்தமையே காரணம். உயிரணுவில் பாரம்பரியத்தைத் தாங்கும் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தபோது உண்மை புலனாயிற்று. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் உண்டு. இங்கோ, ஆண் பூச்சிகளில் ஓரிடத்தில் 37, மற்றோரிடத்தில் 39, வேறிடங்களில் 43, 45 என எண்ணிக்கை மாறியது. ஒற்றைப்படை எண் வருவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். பெண்ணுக்குப் பால் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்றே. டி.என்.ஏ. சோதனைகளும் வேறுபாட்டை உறுதி செய்தன. 1999-ஆம் ஆண்டில் அறிஞர்கள் மூன்று புதிய இனங்களைப் பெயரிட்டுப் பிரித்தனர்.

இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது? உலகின் தட்பவெப்பம் மாறுந்தோறும், குளிர்காடுகள் மலைச்சரிவில் இறங்கியும் ஏறியும் வந்தன. வெப்பம் மிகுந்த காலத்தில் காடு உயரத்துக்கு ஒதுங்கவே, இடைப்பட்ட பள்ளத்தாக்கு கடலைப்போல் ஆயிற்று. ஒவ்வொரு மலையும் ஒரு தீவாயிற்று. பிரிந்த கூட்டங்களுக்குள் கலப்பு நின்றது. தலைமுறைதோறும் நிகழ்ந்த சிறுசிறு மாற்றங்கள் அவ்வவ்விடத்திலேயே தங்கிச் சேர்ந்தன.

இது தொலைவிலுள்ள நாட்டுச் செய்தி என்று எண்ணற்க. நம் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாலக்காட்டுக் கணவாய் இரண்டாகப் பிளக்கிறது. அதன் வடபால் நீலகிரியிலும் தென்பால் ஆனைமலையிலும் வாழும் யானைகள் மரபில் வேறுபட்டவை என்று 2005-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. நெடுந்தூரம் நடக்கும் யானைக்கே அக்கணவாய் தடையாயின், கட்டையை விட்டு அகலாத பூச்சிக்குச் சொல்ல வேண்டுவதில்லை. நம் துறையூருக்கு வடக்கே பச்சைமலையும், வடமேற்கே கொல்லிமலையும் சமவெளியால் பிரிந்து நிற்கின்றன.

வகுப்பில் நான் மாணவர்களைக் கேட்பதுண்டு: “பட்ட மரத்தால் காட்டுக்குப் பயன் உண்டா?” விறகு என்ற விடையே பெரும்பாலும் வரும். உண்மையில் அது பல உயிர்களுக்கு வீடு. மக்கி மண்ணுக்கு உரமாவது. ஒரு மலையில் வீழ்ந்த மரங்களையெல்லாம் அகற்றிவிட்டால், அங்கே வாழ்ந்த சிறகிலாப் பூச்சி அழியும். அடுத்த மலையிலிருந்து அது நடந்து வந்து குடியேற இயலாது. வந்தாலும் அது வேறு மரபினது. இழந்தது இழந்ததே.

நம் மலைகளின் மக்கும் கட்டைகளில் வாழ்வன எவை, ஒரு மலைக்கும் மறு மலைக்கும் அவை எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஆராய்வது உங்கள் தலைமுறையின் பணி. மலைக்குச் செல்லும்போது ஒரு கட்டையைப் புரட்டிப் பாருங்கள். பார்த்தபின், அதை முன்பு கிடந்தவாறே மீண்டும் வைத்துவிடுங்கள்.