சிரலும் யாமையும்

மீன்கொத்தியைச் சிரல் என்றும், ஆமையை யாமை என்றும் வழங்கினர் பண்டைத் தமிழர். ஒன்று வானிற் பறப்பது. மற்றொன்று, கடலாமையாயின், அலையில் வாழ்வது. எனினும், இரண்டும் தம் முட்டைகளை மண்ணினுள்ளே மறைத்து வைப்பன. அவ்விருவகை முட்டைகளும் வெண்மையும் உருட்சியும் உடையன. இருளிற் கிடக்கும் முட்டைக்குப் பகைவர் கண்ணை மயக்கும் நிறமும் புள்ளியும் வேண்டா வன்றோ? ஒப்புமை இவ்வளவே, இனி வேற்றுமையைக் காண்போம்.

நம் நீர்நிலைகளிற் காணும் சிறு நீலச் சிரல், கரையின் மண்சுவரில் இரண்டு மூன்றடி நீள வளை குடைந்து, அதன் கோடியில் 5 முதல் 7 முட்டைகள் இடும். சேவலும் பேடையும் முறைமாறி ஏறக்குறைய 3 வாரம் அடைகாக்கும். பின்னர்ச் சிறுமீன் கொணர்ந்து குஞ்சுகட்கு ஊட்டும்.

சோழமண்டலக் கரையில் ஏறும் பங்குனியாமையோ, இரவில் தனித்து வந்து, மணலிற் குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்கு மீளும். மீண்டும் அவற்றை நோக்காது. கதிரவனாற் சூடேறிய மணலே அவற்றை அடைகாக்கும். குஞ்சு ஆணோ பெண்ணோ என்பதையும் அம்மணலின் வெம்மையே முடிவு செய்யும். 45 முதல் 60 நாளிற் குஞ்சுகள் வெளிப்பட்டு, கடல்மேல் தோன்றும் மெல்லொளியை நோக்கி ஓடும். யாமையை அன்பிலாத் தாய் எனல் பிழை. நண்டும் காக்கையும் மீனும் பலவற்றைக் கொள்ளினும் சில எஞ்சும் என்னும் கணக்கிலே அதன் குலம் நிலைபெற்றது.

அகநானூற்றின் 160-ஆம் செய்யுள், யாமை புதைத்த முட்டையைக் குஞ்சு வெளிப்படுமளவும் அதன் கணவன் ஓம்பும் என்கின்றது. உண்மையில் ஆண் கடலாமை கரையேறிக் காவல் புரிவதில்லை. சிரற்சேவலுக்கு ஏற்ற செயலைப் புலவர் யாமைக்கு ஏற்றினர் போலும். எனினும், அவர் பாடிய காவல் இன்று வேண்டப்படுகின்றது. கரையோர விளக்கைக் கடலொளி யென மயங்கிக் குஞ்சுகள் சாலைப்புறம் சென்று மடிகின்றன. நுரையீரலால் உயிர்க்கும் தாயாமைகள் மீன்பிடி வலையிற் சிக்கி மூச்சடைத்து இறக்கின்றன. 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் சென்னைக் கரைப்பகுதியில் இறந்தொதுங்கிய ஆமைகள் நூற்றுக்கணக்கின.

நம்மையொத்த மாணவர்கள் 1988-ஆம் ஆண்டு முதல் ஓர் அமைப்பாகக் கூடி, சென்னைக் கடற்கரையில் இரவெல்லாம் நடந்து, முட்டைகளைக் காப்பிடத்திற் சேர்த்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். படைத்தவன் சிரலுக்குத் துணையைக் கொடுத்தான். யாமைக்கு மணலையும் இருளையும் கொடுத்தான். அவ்விருளைக் கெடுத்தவர் நாம். ஆதலின், புலவர் கண்ட அக்காவலன் இடத்தில் நிற்றல் நம் கடனென யாம் கருதுகின்றோம். பருவத்தில் ஒரு விளக்கை அணைத்தலும் அக்காவலே யாகும்.