பாவுக் கணக்கு

கைத்தறியைப் புகழாத பிரசங்க மேடை நமது தேசத்தில் இல்லை. 1905-ஆம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் சுதேசி இயக்கம் பிரகடனம் செய்யப்பட்டதை நினைவூட்டும் பொருட்டு, 2015 முதல் அத்தினம் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. கொண்டாட்டத்தை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் தறியில் நாடா ஓடுமுன் நெசவாளி தீர்க்கவேண்டிய கணக்கைப் பற்றி மேடையில் எவரும் வாய் திறப்பதில்லை.

840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் ஒரு ராத்தலில் எத்தனை அடங்குமோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். 80-ம் நம்பர் நூலில் ராத்தலுக்கு 80 சிட்டம். அங்குலத்திற்கு 72 இழை வீதம் 48 அங்குல அகலத்திற்கு 3,456 இழை. ஓரக்கரைக்கு 44 சேர்த்தால் 3,500. ஆறு கஜப் புடவை நான்கிற்கு நீளம் 24 கஜம். பெருக்கினால் 84,000 கஜம். அதாவது 100 சிட்டம், ஒன்றேகால் ராத்தல்.

கணக்கு இத்துடன் தீர்ந்ததாக எண்ணுவோர் ஏமாறுவர். ஊடையின் மேலும் கீழும் வளைந்து செல்வதால் நெய்யும்போது பாவின் நீளம் குறுகும். தறியில் பிணைத்த நுனிகளும் நெசவுக்கு உதவா. முன்னதற்கு ஒரு கஜமும் பின்னதற்கு இரண்டு கஜமும் வைத்தால், மேற்கொண்டு பன்னிரண்டரைச் சிட்டம், அதாவது இரண்டரை அவுன்ஸ் நூல் வேண்டும். இதை மறந்தால் நான்காவது புடவை குறைப்புடவையாகவே நின்றுவிடும்.

இது கூலியையும் தொடும் விஷயம். நூலை நிறுத்துக் கொடுத்துத் துணியை நிறுத்து வாங்கும் இடங்களில், தறியில் தங்கிவிட்ட நுனி நூல் துணியோடு திரும்பி வராது. அதற்கு ஏட்டில் முன்கூட்டியே இடம் விடாவிட்டால், 'நூல் குறைவு' என்று எழுதி நெசவாளியின் கூலியில் கழித்துவிடலாம். கணக்கறியாத நெசவாளி எதைச் சொல்லி வழக்காடுவான்? நூல் கொடுத்தவர் சொன்னதே கணக்காகிவிடும்.

ஆதலின் நாம் கோருவன இரண்டு. நூல் கொடுப்போர், கூட்டுறவுச் சங்கமாயினும் தனி முதலாளியாயினும், இழை, நீளம், சேதாரம், எடை ஆகியவற்றைத் தமிழில் எழுதிய சீட்டு ஒன்றை ஒவ்வொரு பாவுடனும் கொடுக்கவேண்டும். நெசவு நடக்கும் ஊர்களின் பள்ளிகளில் இக்கணக்கைப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கற்பிக்கவேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர்களுக்கு இது சில நாட்களில் வசப்படும். சுதேசியத்தில் பற்றுள்ள ஊழியர்கள் ஆகஸ்டு 7-ந் தேதி மாலை சூட்டுவதோடு நில்லாமல், ஒரு தறிக்கூடத்திற்குச் சென்று இச்சீட்டு இருக்கிறதா என்று கேட்பார்களாக.