கூடாரமும் பள்ளிக்கூடமும்

பாலைவனம் என்றதும் மணலும் வெயிலுந்தான் நம் மனக்கண் முன் தோன்றும். ஜோர்டான் நாட்டின் தென்கோடியிலுள்ள வாதி ரம் என்னும் பள்ளத்தாக்குக்கு யாத்திரைக் குழு ஒன்றுடன் சென்று வந்த எங்களுக்கோ, அங்குள்ள மனிதர்களே முதலில் நினைவுக்கு வருகின்றனர்.

அக்காபா துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர மோட்டார்ப் பிரயாணம். செம்மணல் வெளியின் நடுவே மலைகள் சுவர்போலச் செங்குத்தாக நிற்கின்றன. மேலே மணற்கல், அடியிலே கருங்கல். மழைநீர் மணற்கல்லினூடே கசிந்திறங்கிக் கருங்கல்லைத் தொட்டதும், மேற்கொண்டு செல்ல வழியின்றி மலைச்சரிவில் ஊற்றாக வெளிப்படுகிறது. இவ்வூற்றுக்களை நம்பித்தான் பன்னெடுங்காலமாக மக்கள் இங்கே நடமாடியிருக்கின்றனர். அவர்கள் பாறைகளில் செதுக்கிய சித்திரங்கள் சுமார் 25,000; எழுத்துப் பொறிப்புகள் சுமார் 20,000. 2011-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது.

இங்கு வாழ்வோர் பெதூயின் என்னும் அரபு மக்கள்; ஆடும் ஒட்டகமும் மேய்த்து, நீரும் மேய்ச்சலும் தேடி இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். எங்களை உபசரித்தவர் ஸலாபியா குலத்தவர். யாத்திரிகர்களோடு பழகி ஆங்கிலம் கற்றவர். அவருக்குச் சிமெண்ட் வீடு உண்டு. ஆயினும், அதையொட்டி அடித்திருந்த கூடாரத்திலேயே எங்களை அமர்த்தினார். அவருடைய வயது முதிர்ந்த தாயார் அங்கேதான் இருந்தார்.

அக்கூடாரம் ஆட்டு ரோமத்தால் ஆனது. பெண்களே நூற்று நெய்கின்றனர். வெயிற்காலத்தில் இழைகளினூடே காற்று புகும். மழை பெய்தாலோ இழைகள் நனைந்து பருத்து, இடைவெளி அடைபட்டு, நீர் உள்ளே ஒழுகுவதில்லை.

ஏலக்காய் மணக்கும் காப்பி வந்தது. சின்னஞ்சிறு கிண்ணத்தின் அடியில் சிறிதளவே ஊற்றினார்கள். ஊற்றிக்கொண்டேயும் இருந்தார்கள்! கிண்ணத்தை இலேசாக அசைத்துக் காட்டினால்தான் ‘போதும்’ என்று பொருளாம். நான்காவது கிண்ணத்துக்குப் பிறகே இது எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் உத்தியோகத்தை விசாரித்தார். ரயில்வே என்றோம். அவர் சிரித்துவிட்டார். காரணம் உண்டு. டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை ஹெஜாஸ் ரயில்பாதை 1900-இல் தொடங்கி 1908-இல் முடிந்தது. நம் மீட்டர் கேஜைவிட 50 மில்லிமீட்டரே அகலமான அப்பாதை, வாதி ரம்முக்குக் கிழக்கே செல்கிறது. அதற்கு முன் ஹஜ் யாத்திரிகர்களுக்கு ஒட்டகம் வாடகைக்கு விட்டும், வழித்துணை சென்றும் பிழைத்த குலங்களுக்கு அதனால் வருவாய் குன்றியது. முதல் மகாயுத்த காலத்தில் அரபுப் புரட்சியில் சேர்ந்து தண்டவாளத்தைத் தகர்த்தவர்களில் பெதூயின்களும் இருந்தனர். ரயில் வந்தால் யாவருக்கும் க்ஷேமமே என்று அதுவரை நம்பியிருந்தோம்.

இன்று அக்குலத்தார் பலர் கிராமத்தில் நிலைத்துவிட்டனர். யாத்திரிகர்களை ஜீப்பில் அழைத்துச் சென்று சம்பாதிக்கின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். தம் தகப்பனார் அடிச்சுவட்டைப் பார்த்தே இன்னாருடைய ஒட்டகம் என்று சொல்வாராம். மகனுக்கு அது தெரியாதே என்று அவர் வருந்தினார். படிப்பை நிறுத்தவும் அவருக்கு மனமில்லை. ஆகையால் விடுமுறைதோறும் மகனை ஒட்டகத்துடன் பாலைக்குள் அழைத்துச் செல்கிறாராம். மூதாட்டி பேரனின் தலையை வருடிக்கொண்டிருந்தார்.

பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். விடுமுறையில் நம் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்கிறோம், எதைக் காட்டுகிறோம்? அக்காபா வந்து சேரும்வரை நாங்கள் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.